வீட்டிலிருந்தா, விடுதியிலிருந்தா?

உயர்தரம் சித்தியடைந்த சாவகச்சேரிப் பிள்ளைகள் எல்லோருக்கும் கம்பஸ் வாழ்க்கை ஒரே மாதிரி அமைவதில்லை. 1974இல் பரமேசுவராக் கல்லூரி வளவில் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகம் என்றால், காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பலாம். அம்மாவின் சாப்பாடு தவறாது. ஆனால் நாடக ஒத்திகையைப் பாதியில் விட்டு பஸ்ஸுக்கு ஓடவேண்டிவரும். அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமோ தொலைவில், கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது.

பேராதனைப் பல்கலைக்கழகம் வேறு உலகம். 1952இல் கொழும்பிலிருந்து மகாவலிக் கரைக்கு மாறியபோதே, மாணவர் தங்கிப் படிக்கவென்று திட்டமிடப்பட்டது. ராமநாதன், அருணாசலம் என்று எங்களவர் பெயர் தாங்கிய விடுதிகள் அங்கே உண்டு. சிங்கள, தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் பழகும் அந்த வாய்ப்பு பெரியது.

விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கை எழுதுமுன், அங்கே படிக்கும் அண்ணா, அக்காமாரிடம் விடுதி வாழ்க்கையைப் பற்றியும் கேளுங்கள்.