சைக்கிளுக்கு எங்கே வழி?

பெங்களூரில் பொழுது விடியும் முன்பே சைக்கிள்கள் கிளம்பிவிடும். பேப்பர் போடும் பையன்கள் போவார்கள். இரவு வேலை முடிந்த வாட்ச்மேன்கள் வீடு திரும்புவார்கள். கேரியரில் சாப்பாட்டுத் தூக்கைக் கட்டிக்கொண்டு கட்டடத் தொழிலாளர்கள் வேலைக்குப் போவார்கள்.

சைக்கிளுக்குப் பெட்ரோல் வேண்டாம். பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டாம். பஞ்சர் ஒட்டவும் செயினுக்கு எண்ணெய் விடவும் கொஞ்சம் காசு இருந்தால் போதும்.

ஆனால் பயம் ஒன்று உண்டு. பெங்களூரில் பதிவான மோட்டார் வண்டிகள் ஒரு கோடிக்கும் மேல். காரில் போகிறவரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. சைக்கிளில் போகிறவருக்கு அப்படி எதுவும் இல்லை. கூலி வேலை செய்பவர் அடிபட்டு ஒரு மாதம் படுத்துவிட்டால், குடும்பத்தின் ஒரு மாத வருமானம் போய்விடும். சில சமயம் உயிரே போய்விடும்.

ஆகவே சைக்கிளில் கிளம்புமுன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். எந்தச் சாலையில் போகச் சட்டம் அனுமதிக்கிறது? எந்தச் சாலையில் ஆபத்து குறைவு? இரண்டும் ஒன்றல்ல. அனுமதி உள்ள சாலை எல்லாம் ஆபத்தில்லாத சாலை ஆகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. அந்தச் சட்டப்படி காலால் மிதிக்கும் சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. அதனால் சைக்கிள் ஓட்ட லைசென்ஸ் வேண்டாம். பதிவு எண் வேண்டாம். இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை.

சாலை மோட்டார் வண்டிக்கு மட்டும் சொந்தமானது அல்ல. தடை செய்யப்படாத எந்தப் பொதுச் சாலையிலும் சைக்கிள் போகலாம். "சைக்கிளுக்கு இங்கே என்ன வேலை?" என்று கார்க்காரர் கோபப்படலாம். அவர் கோபம் சட்டம் ஆகிவிடாது.

மோட்டார் ஓட்டுநர்களுக்கான புதிய விதிகள் 2017-ல் வெளிவந்தன. நடைபாதையிலோ சைக்கிள் பாதையிலோ மோட்டார் வண்டியை ஓட்டக் கூடாது, நிறுத்தவும் கூடாது என்று அவை சொல்கின்றன.

உரிமை இருப்பது போலக் கடமையும் இருக்கிறது. சைக்கிளும் இடது பக்கமே போக வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்க வேண்டும். ஒருவழிச் சாலையில் எதிர்த் திசையில் ஓட்டக் கூடாது. சுற்றிப் போக நேரம் இல்லையா? இறங்கிவிட வேண்டும். நடைபாதை ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம்.

படம் பேசும் பலகைகள்

பெங்களூரில் பெயர்ப் பலகைகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் என்ன செய்வார்? போக்குவரத்துப் பலகைகளில் படங்கள் உண்டு. எந்த மொழிக்காரருக்கும் படம் புரியும். மூன்று பலகைகளை நினைவில் வைத்தால் போதும்.

சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் படம் போட்டுக் குறுக்கே ஒரு கோடு இருந்தால், சைக்கிள் போகக் கூடாது என்று பொருள்.

நீல வட்டத்துக்குள் வெள்ளைச் சைக்கிள் இருந்தால், அது சைக்கிளுக்கு உரிய பாதை.

சிவப்பு முக்கோணத்துக்குள் சைக்கிள் இருந்தால், அது எச்சரிக்கை. அங்கே சைக்கிள்கள் சாலையைக் கடக்கும் என்று மற்ற ஓட்டுநர்களுக்குச் சொல்கிறது.

எங்கே போகக் கூடாது?

பெங்களூரிலிருந்து மைசூருக்குப் புதிய விரைவுச் சாலை போடப்பட்டது. 2023 மார்ச்சில் அது திறக்கப்பட்டது. கார்கள் அதில் மிக வேகமாகப் போயின. விபத்துகள் நிறைய நடந்தன. 2023 ஆகஸ்ட் 1 முதல் அந்தச் சாலையின் நடுப் பகுதியில் பைக், ஆட்டோ, டிராக்டர் ஆகியவற்றுக்குத் தடை வந்தது. மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் தடை. சைக்கிளும் அதில் சேரும்.

அப்படியானால் பிடதியில் இருப்பவர் ராமநகரத்துக்குச் சைக்கிளில் போகவே முடியாதா? போகலாம். விரைவுச் சாலையின் ஓரத்தில் சர்வீஸ் ரோடு இருக்கிறது. மெதுவாகப் போகும் வண்டிகள் அதில் போக வேண்டும்.

இந்தத் தடைக்குக் காரணம் உண்டு. ஒரு வண்டியின் வேகம் இரண்டு மடங்கு ஆனால், அது மோதும் வலு நான்கு மடங்கு ஆகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மோதினால் காயத்தோடு பிழைக்க வாய்ப்பு உண்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மோதினால் உயிர் போகும் ஆபத்து பல மடங்கு அதிகம். எனவே தடைப் பலகை இல்லாத இடத்திலும், வண்டிகள் பறக்கும் மேம்பாலத்தைத் தவிர்ப்பது நல்லது. பாலத்தின் கீழே போகும் சாலை பெரும்பாலும் மெதுவான சாலை.

முதலில் எங்கே பழகுவது?

புதிதாகச் சைக்கிள் பழகுகிறவர் நேராக மெயின் ரோட்டுக்குப் போகக் கூடாது. பள்ளி மைதானம் நல்ல இடம். அங்கே அனுமதி கேட்டுப் பழகலாம். விடுமுறை நாளில் வெறிச்சோடிக் கிடக்கும் குடியிருப்புத் தெருவும் நல்ல இடம்.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். பல்லாயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். தனியாகப் போகத் தயங்கியவர்கள் கூட்டமாகப் போனார்கள். கூட்டம் இருந்தால் கூச்சம் போகும். சாலையில் மற்றவர் கண்ணுக்கும் நன்றாகத் தெரியும். இந்தப் பாடம் பெங்களூருக்கும் பொருந்தும்.

பெங்களூரின் நடுவில் கப்பன் பூங்கா இருக்கிறது. 1870-ல் உருவான பூங்கா அது. அதன் உள்ளே சாலைகள் ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டிகள் உள்ளே போகத் தடை. அன்று காலையில் அந்தச் சாலைகளில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுவதைப் பார்க்கலாம். ஹாரன் சத்தம் இல்லை. மர நிழல் உண்டு. பழகுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் நகரத்தின் நடுவில் கிடைப்பது கடினம்.

ஆனால் எல்லாப் பூங்காவும் ஒன்றல்ல. பல பூங்காக்களில் சைக்கிளை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் உள்ள பலகையைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் காவலாளியிடம் கேட்க வேண்டும்.

வேலைக்குப் போக எந்த வழி?

பூங்காவில் ஓட்டிப் பழகலாம். வேலைக்குச் சாலையில்தான் போக வேண்டும். அப்போது நேர் வழியைவிட நல்ல வழியே முக்கியம்.

பெங்களூரின் பழைய குடியிருப்புகளில் தெருக்கள் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு திசையில் போவதை மெயின் என்பார்கள். அதைக் குறுக்கே வெட்டுவதைக் கிராஸ் என்பார்கள். பஸ் போகும் பெரிய சாலைக்குப் பக்கத்திலேயே இணையாக ஒரு சின்னத் தெரு ஓடும். மல்லேசுவரத்திலும் ஜெயநகரிலும் இதைப் பார்க்கலாம். சின்னத் தெருவில் போனால் ஐந்து நிமிடம் கூடுதல் ஆகலாம். ஆனால் பஸ்ஸும் லாரியும் உரசாது.

ஒரு நல்ல வழியைக் கண்டுபிடிக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருமுறை மெதுவாகப் போய்ப் பார்க்க வேண்டும். இவற்றைக் கவனிக்க வேண்டும்:

வண்டிகள் எவ்வளவு வேகமாகப் போகின்றன?
பஸ்ஸும் லாரியும் அதிகமா?
பெரிய சாலையைக் கடக்கும் இடத்தில் சிக்னல் இருக்கிறதா?
சாக்கடை மூடி உடைந்திருக்கிறதா? கம்பி இடைவெளியில் சக்கரம் மாட்டுமா?
மழை வந்தால் தண்ணீர் தேங்குமா?
இரவில் தெருவிளக்கு எரிகிறதா?

பிறகு வேலை நாளில் அதே வழியில் போய்ப் பார்க்க வேண்டும். ஞாயிறு அன்று அமைதியாக இருந்த தெரு, திங்கள் அன்று பள்ளி வண்டிகளால் நிரம்பி இருக்கலாம்.

வழி நல்லதாக இருந்தாலும் சில கவனங்கள் தேவை. நிற்கும் காரை ஒட்டிப் போகக் கூடாது. கதவு திடீரென்று திறக்கும். ஒரு கதவின் அகலம் விட்டுத் தள்ளிப் போக வேண்டும். பஸ், லாரியின் இடது பக்கம் நுழையக் கூடாது. டிரைவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் சைக்கிள் தெரியாமல் போகலாம். அவர் இடது பக்கம் திரும்பினால் சைக்கிள் சக்கரத்தின் அடியில் போய்விடும். இரவில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். வெளிர் நிறச் சட்டை நல்லது. ஹெல்மெட் இருந்தால் இன்னும் நல்லது.

கோடு போட்டால் போதுமா?

பெங்களூரில் சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டதே இல்லையா? போட்டார்கள்.

ஜெயநகர் 1948-ல் திட்டமிட்டு அமைக்கப்பட்ட குடியிருப்பு. அங்கே 2012-ல் சைக்கிள் பாதைகள் திறக்கப்பட்டன. மொத்த நீளம் 40 கிலோமீட்டருக்கு மேல். சாலை ஓரத்தில் கோடு போட்டார்கள். சைக்கிள் படம் வரைந்தார்கள். என்ன நடந்தது? கோட்டுக்கு உள்ளே கார்களையும் பைக்குகளையும் நிறுத்தினார்கள். சைக்கிள்காரர் மறுபடியும் சாலை நடுவுக்கே வர வேண்டியதாயிற்று. நாளடைவில் கோடும் மங்கியது.

2020-ல் கொரோனா காலத்தில் வெளிவட்டச் சாலையில் ஒரு பாதை போட்டார்கள். சில்க் போர்டு பக்கமிருந்து கிருஷ்ணராஜபுரம் பக்கம் போகும் சாலை அது. இந்த முறை வெறும் கோடு மட்டும் அல்ல. பாதையின் ஓரத்தில் சின்னக் கம்பங்களையும் நட்டார்கள். கொஞ்ச காலத்தில் பல கம்பங்கள் உடைந்தன. பைக்குகள் உள்ளே புகுந்தன. பிறகு அந்தச் சாலையில் மெட்ரோ ரயில் வேலை வந்தது. பாதையின் பெரும் பகுதி மறைந்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பாதை போடுவது பாதி வேலை. பாதையைக் காப்பது மீதி வேலை. காக்கப்படாத பாதை பாதுகாப்பான பாதை அல்ல. தரையில் சைக்கிள் படம் இருக்கிறது என்று நம்பி, கவனம் இல்லாமல் ஓட்டக் கூடாது.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள்?

ஐரோப்பாவில் நெதர்லாந்து என்று ஒரு சிறிய நாடு. இன்று அங்கே குழந்தைகளும் பாட்டிமார்களும் பயமின்றிச் சைக்கிளில் போகிறார்கள். எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1971-ல் அந்த நாட்டில் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் பொறுக்கவில்லை. தெருவில் இறங்கிக் கேட்டார்கள். ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். அரசு மெல்ல மெல்லத் தனிப் பாதைகளைக் கட்டியது. மோட்டார் வண்டி ஏற முடியாதபடி கட்டியது. குடியிருப்புத் தெருக்களில் வேகத்தைக் குறைத்தது.

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகரம் பொகோட்டா. அங்கே 1974 முதல் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய சாலைகளையே மோட்டார் வண்டிக்கு மூடிவிடுகிறார்கள். இப்போது 100 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகள் அன்று சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் கிடைக்கின்றன. கப்பன் பூங்காவில் சிறிய அளவில் நடப்பது அங்கே நகரம் முழுவதும் நடக்கிறது.

எங்கே கேட்பது?

2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. தன் தெரு எந்த மாநகராட்சியில் இருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். உடைந்த சாக்கடை மூடி, எரியாத தெருவிளக்கு, அழிந்த கோடு ஆகியவற்றுக்கு மாநகராட்சி அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். சைக்கிள் பாதையில் வண்டி நிறுத்தினால் போக்குவரத்துக் காவல் நிலையத்தில் சொல்லலாம். விபத்து நடந்தால் உடனே 112 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108.

மனு நீளமாக இருக்கத் தேவையில்லை. எந்தத் தெரு, எந்த இடம், எந்த நேரம், என்ன குறை. இந்த நான்கும் இருந்தால் போதும். கன்னடம் எழுதத் தெரிந்தவரைக் கொண்டு எழுதலாம். ஒருவர் கையெழுத்தைவிட ஐம்பது பேர் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். மனுவின் நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கைநாட்டு வைத்த காலம் போய்விட்டது. கையெழுத்துப் போடத் தெரிந்த கை, தன் தெருவுக்கு நல்ல வழியையும் கேட்டு வாங்கலாம்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் பகுதியில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் யார் யார்?
2. அவர்கள் போகும் வழியில் மிக ஆபத்தான இடம் எது? ஏன்?
3. அந்த இடத்தைத் தவிர்க்க வேறு தெரு இருக்கிறதா?
4. உங்கள் தெருவுக்காக ஒரு மனு எழுதுவதானால், முதல் வரியில் என்ன எழுதுவீர்கள்?