தீவுக் குடிலில் தண்ணீர் ஏது?

கடல் நடுவே ஒரு மணல் தீவு. தென்னை நிழலில் ஒரு குடில். மின்கம்பமும் இல்லை, வண்டி இரைச்சலும் இல்லை. விடுமுறைக்கு அதனை வாடகைக்கு எடுத்துத் தங்க யாருக்குத்தான் ஆசை வராது? இலட்சத்தீவுகளில் பங்காரம், தின்னகரா ஆகிய சிறு தீவுகளில் பயணிகள் தங்க இத்தகைய ஏற்பாடு உண்டு. நுழைவு அனுமதி பெற்றே செல்ல வேண்டும். கேரளக் கரையிலிருந்து மின்கம்பி எந்தத் தீவுக்கும் போகவில்லை. டீசல் இயந்திரமும் சூரிய ஒளித் தகடுகளுமே விளக்கேற்றுகின்றன. விளக்கின்றியும் ஓர் இரவு கழிந்துவிடும். குடிக்கத் தண்ணீர்? அங்கே ஆறு கிடையாது. ஆயினும் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. சுற்றிலும் உப்புக்கடல் இருக்க இஃது எங்ஙனம்?

விடையில் பாதியை என் தாயாரிடம் கற்றேன். அவர் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறார். பாத்தியில் கரைசல் நிற்கும்போது மழை பெய்தால், மழைநீர் உடனே கலந்துவிடாது. கலக்காமல் மேல்நீரை மட்டும் வடித்துவிட்டால் அடிக்கரைசல் தப்பும். "நல்லதண்ணி லேசு, அதான் மேல நிக்குது" என்பார். இயற்பியல் நூல் இதையே அடர்த்தி என்கிறது.

மணல் தீவில் பெய்யும் மழையும் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருப்பதால் இதனை நன்னீர் வில்லை என்பர்.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் நன்னீர் 1,000 கிராம். கடல்நீர் ஏறக்குறைய 1,025 கிராம். வேற்றுமை 25. ஆயிரத்தை 25ஆல் வகுத்தால் 40. ஆகவே நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்தைவிட 10 செ.மீ. உயர்ந்திருந்தால், கடல் மட்டத்திற்குக் கீழே 400 செ.மீ. வரை நன்னீர் நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுப் பொறியாளர் கைபனும், 1901இல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட விதி இது. (இரு நீரும் கலந்த பகுதி ஒன்று இடையே உண்டாதலால், கிடைப்பது கணக்கைவிடக் குறைவே.)

இந்த 40 நமக்கு எதிராகவும் திரும்பும். மோட்டாரால் இறைத்து நீர்மட்டத்தை 1 செ.மீ. தாழ்த்தினால், நாளடைவில் கடல்நீர் 40 செ.மீ. மேலேறக்கூடும். தண்ணீர் போதவில்லையென்றால் இன்னும் ஆழமாகத் துளையிடுவது நம் வழக்கம். மணல் தீவில் அது கடலுக்கே குழாய் போடுவதாகும். ஆழமில்லாத அகலக் கிணற்றில் வாளியால் இறைப்பதே அங்கு ஏற்றது. கழிப்பறைக் குழியின் கசிவும் இதே வில்லையில்தான் போய்ச் சேரும். எனவே குடில் எடுப்போர் கட்டிலைப் பார்க்குமுன் கிணற்றையும் குழியையும் பார்ப்பது நல்லது.

கவரத்தித் தீவில் 2005ஆம் ஆண்டு, சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் தரும் நன்னீர் ஆலையை நிறுவியது. வெதுவெதுப்பான மேற்பரப்புக் கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, சுமார் 350 மீட்டர் ஆழத்துக் குளிர்நீரால் அந்த ஆவியைக் குளிர்வித்து நீராக்கும் முறை. அழகான வேலை! ஆனால் பம்புகள் ஓட மின்சாரம் வேண்டும். நம் மரக்காணம் கரையிலோ அத்தகைய ஆழம் அருகில் கிடையாது.

நம் கரை தீவு அன்று என்றாலும், கடலோர மணல்மேடுகளின் அடியில் இதே மிதப்புதான். ஒருபுறம் கடல், மறுபுறம் கழுவேலியின் உவர்நீர். என் சிறுவயதில் எங்கள் தெருக்கிணற்று நீரையே குடித்தோம். அருகில் ஒரு விடுதி ஆழ்துளைக் கிணறு போட்ட சில ஆண்டுகளில் நீர் கரித்தது. அதனால்தான் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. அளந்து பார்த்தவர் எவருமில்லை. இப்போது அம்மா உப்பளத்திலிருந்து திரும்பி, குடத்துடன் லாரித் தண்ணீருக்கு நிற்கிறார்.

வேதியியல் பேராசிரியர் அனுமதித்தால், வெள்ளி நைட்ரேட் கரைசலைக் கொண்டு எங்கள் ஊர்க் கிணறுகளின் உப்பை வரும் கோடையில் அளக்க எண்ணியுள்ளேன். உடன்வர விரும்பும் நண்பர்கள் இப்போதே சொல்லலாம்.