தோட்டத்தில் மஞ்சள் நுரையா? மருந்து அடிக்கும் முன் மவுஸைப் பிடியுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பாட்டு, சினிமா, கேம்ஸ் என்றே பொழுது போய்விடும். அதே கம்ப்யூட்டர் உங்கள் வீட்டுத் தோட்டத்திற்கும் உதவும். எப்படி என்று பார்ப்போமா?

திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், கத்தரிச் செடிகளின் அடியில் தென்னை நார்க் கழிவைப் பரப்பியிருக்கிறோம். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், அதன் மேல் உள்ளங்கை அகலத்திற்கு மஞ்சள் நுரை! முந்தின நாள் அது இல்லை. "விஷக் காளான்மா. மருந்து அடிச்சு, பாத்தியையே பிடுங்கிப் போட்டுடு" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். செடிகளோ பூ விட்டுப் பிஞ்சு பிடிக்கும் நேரம். அம்மா என்னிடம், "கம்ப்யூட்டர்ல இது என்னன்னு பாருப்பா" என்றார்.

நான் செய்ததை நீங்களும் செய்யலாம்.

1. செல்போனில் மூன்று படங்கள் எடுங்கள்: முழுத் தோற்றம், நெருக்கத்தில் ஒன்று, அது எதன் மேல் வளர்கிறது என்பது. அளவு தெரிய, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். மாலையிலும் மறுநாளும் மீண்டும் எடுங்கள். மாற்றம்தான் முக்கியமான தடயம்.

2. யுஎஸ்பி கேபிள் மூலம் போனை இணைத்து, படங்களைக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள்.

3. கூகுள் தளத்தில் தேடல் பெட்டியின் ஓரத்தில் உள்ள கேமரா ஐகானை க்ளிக் செய்து, படத்தை அப்லோட் செய்யுங்கள். அதே போன்ற படங்கள் வரிசையாக வரும். முதலில் வருவதே விடை என்று நம்பிவிடாதீர்கள். கம்ப்யூட்டர் தோற்றத்தை மட்டுமே ஒப்பிடுகிறது. தொட்டுப் பார்ப்பதில்லை, காத்திருந்து பார்ப்பதும் இல்லை. எனக்குக் காளான், சளிப்பூஞ்சை எனப் பல பெயர்கள் வந்தன. எங்கள் நுரைக்குக் காம்பும் இல்லை, குடையும் இல்லை. மறுநாள் அது வெளிறிய பொருக்காகிவிட்டது. குச்சியால் கீறினால் உள்ளே கருந்தூள். இவை எல்லாம் 'ஃபுலிகோ செப்டிகா' என்ற சளிப்பூஞ்சைக்கே பொருந்தின.

4. உறுதி செய்ய, ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து, எல்லாப் படங்களையும் ஒரே பதிவாக இடுங்கள். உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். வீட்டு முகவரி தெரியாமலிருக்க, இடத்தை மறைக்கும் வசதியைத் தேர்வு செய்யுங்கள். என் பதிவில் இரண்டு பேர் அதே பெயரை உறுதி செய்தார்கள்.

பெயரில் பூஞ்சை இருந்தாலும் இது பூஞ்சை அல்ல, அமீபாவின் உறவு. மட்கும் பொருளில் உள்ள பாக்டீரியாக்களைத் தின்கிறது. செடியின் சாற்றை உறிஞ்சுவதில்லை. எனவே மருந்தே தேவையில்லை. நம் பகுதிக்கு இது புதிய விருந்தாளியும் அல்ல. தென்னிந்தியச் சளிப்பூஞ்சைகளைப் பற்றி வி. அக்னிஹோத்ருடு 1950களிலேயே தொடராக எழுதியிருக்கிறார். இதன் உறவினமான 'ஃபைசாரம்' இன்னும் கெட்டிக்காரன். 2010-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள், டோக்கியோ வட்டார நகரங்கள் இருக்கும் 36 இடங்களில் ஓட்ஸ் வைத்தார்கள். மூளையே இல்லாத அந்த உயிர், அவற்றை ரயில் பாதை போன்ற வலையால் இணைத்துக் காட்டியது!

கவனிக்க: காய்ந்த பொருக்கின் தூள் சிலருக்கு அலர்ஜி தரும். ஆஸ்துமா உள்ளவர்கள் கிளற வேண்டாம். அகற்ற விரும்பினால் ஈரமாக இருக்கும்போதே மண்ணோடு அள்ளிவிடுங்கள். கம்ப்யூட்டர் சொன்ன பெயரை நம்பி எந்தக் காளானையும் சமைக்காதீர்கள். இலைகளில் புள்ளியோ வாடலோ தெரிந்தால் அது வேறு நோய். படத்தோடு தோட்டக்கலைத் துறை அலுவலகத்தை அணுகுங்கள்.