அடுப்படியில் அளந்தவர்

காற்று மாசு என்றதும் ஆலைப் புகைபோக்கியும் லாரிப் புகையும்தான் நினைவுக்கு வரும். அளவிடும் கருவிகளையும் மொட்டை மாடிகளிலும் நாற்சந்திகளிலும்தான் நிறுத்துகிறோம். 1981-ல் குஜராத் கிராமங்களுக்கு ஆய்வுக்கு வந்த அமெரிக்கர் கிர்க் ஸ்மித், கருவியை விறகு அடுப்பின் முன் உட்கார்ந்து சமைக்கும் பெண்கள் மேலேயே பொருத்தினார்.

சிறிய பம்பு ஒன்று, அதோடு இணைந்த குழாய், முனையில் முன்கூட்டியே எடை பார்த்த வடிதாள். சுள்ளியை ஒடித்துப் போட்டு, வறட்டியைச் செருகி, கடைசி ரொட்டியைச் சுட்டு எடுக்கும்வரை அந்தப் பெண் சுவாசிக்கும் அதே காற்றைப் பம்பும் இழுக்கும். பிறகு தாளை மறுபடி எடை போட்டால், கூடியிருக்கும் எடைதான் புகைத்துகள். சமையல் நேரத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் சராசரியாக 7 மில்லிகிராம் துகள் இருந்தது. 1983-ல் வெளியான இந்த முடிவு, வீட்டுப் புகையைச் சுகாதாரப் பிரச்சினையாக உலகம் பார்க்கத் தொடங்கிய இடம்.

விறகு முழுமையாக எரிந்தால் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும்தான் வரும். மண் அடுப்பில் காற்று சரியாகக் கலப்பதில்லை. அதனால் கார்பன் மோனாக்சைடும் பென்சீனும் நுண்துகள்களும் சேர்ந்தே வெளிவருகின்றன. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் அடிவரை போகும். குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, இதய நோய் எனப் பாதிப்புகள் நீளும்.

புகை எவ்வளவு வெளியேறுகிறது என்பதைவிட, யார் மூச்சில் எவ்வளவு சேர்கிறது என்பதே முக்கியம் என்றார் ஸ்மித். உயர்ந்த புகைபோக்கி வெளியிடும் ஒரு கிராம் துகளைவிட, சமையலறைக்குள் வெளியாகும் ஒரு கிராம் மனித நுரையீரலுக்குள் போக ஏறத்தாழ 1,000 மடங்கு வாய்ப்பு அதிகம் என்பது அவர் கணிப்பு.

அடுத்து குவாதமாலா மலைக் கிராமங்களில் 500-க்கும் மேற்பட்ட குடும்பங்களில், பாதிப் பேருக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டிக்கொடுத்துக் குழந்தைகளைக் கண்காணித்தது அவருடைய குழு. குழந்தைகள்மீது படும் புகை பாதியாகக் குறைந்தது. கடுமையான நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் மருத்துவர்கள் கண்டறிந்த மொத்த நிமோனியாவில் உறுதியாகச் சொல்லும்படியான குறைவு இல்லை. புகைபோக்கி புகையை ஒழிப்பதில்லை, வெளியே தள்ளிவிடுகிறது. ஏழை வீட்டுக்கும் கேஸும் மின்சாரமும் போக வேண்டும் என்று ஸ்மித் 2020-ல் மறையும்வரை வலியுறுத்தினார்.

அவரோடு நீண்ட காலம் இணைந்து பணியாற்றியவர் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன். அவர் தலைமையேற்றவர்களில் ஒருவராக இருந்த பன்னாட்டு ஆய்வு, இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டது. இந்தியக் களங்கள் விழுப்புரமும் நாகப்பட்டினமும். பாதிப் பேருக்கு 18 மாதங்களுக்கு அடுப்பும் சிலிண்டரும் இலவசம். கர்ப்ப காலத்தில் விறகில் சமைத்தவர்களுக்குக் கனமீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராமாக இருந்த நுண்துகள், கேஸில் சமைத்தவர்களுக்குச் சுமார் 24 ஆக இருந்தது. ஆனாலும் குழந்தைகளின் பிறப்பு எடையிலும் கடும் நிமோனியாவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

இதைப் பார்த்துச் சிலிண்டரால் பயனில்லை என்று முடிவுகட்டுவது தவறு. பெண்களுக்கு கேஸ் கிடைத்தது கருவுற்ற பிறகுதான். அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் புகையில் சமைத்தவர்கள் அவர்கள். 24 மைக்ரோகிராமும், உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஆண்டுச் சராசரிக்கு வகுத்த 5 மைக்ரோகிராமைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஒரு வீட்டு அடுப்பு மட்டும் மாறினால், தெருவின் காற்று மாறிவிடாது. இந்தியாவின் வெளிக்காற்றில் உள்ள நுண்துகளில் சுமார் கால் பங்கு வீட்டு அடுப்புகளிலிருந்து வருவதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன.

2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இதுவரை ஏழை வீடுகளுக்கு 10 கோடிக்கும் மேற்பட்ட கேஸ் இணைப்புகள் தரப்பட்டுள்ளன. இணைப்பு வந்த வீட்டிலும், அடுத்த சிலிண்டருக்குப் பணம் இல்லாத மாதத்தில் விறகுதான் எரிகிறது. 2019-ல் அறிவிக்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டமோ நகரங்களுக்கானது. ஊரின் எல்லா அடுப்புகளும் ஒன்றாக மாறும்படி, ஏழைக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஆண்டு முழுவதும் கேஸோ மின்சாரமோ கிடைக்க வேண்டும். எத்தனை இணைப்பு கொடுத்தோம் என்பதை விட்டுவிட்டு, எத்தனை வீடுகளில் விறகு அடுப்பு முற்றிலும் ஓய்ந்தது என்று அரசு கணக்கெடுக்கத் தொடங்க வேண்டும்.