மன்னரும் எதிரிகளும் ஒரே மேசையில்: 1645-ல் லண்டன் அருகே நடந்ததும் ராமநாதபுரத்தில் நடந்ததும்

பாம்பன் பாலத்தில் ரயில் ஏறியதும் எல்லோரும் போனை எடுத்துவிடுகிறோம். அந்தக் கடலைத் தாண்டித்தான் சுமார் 385 ஆண்டுகளுக்கு முன், மதுரைத் தளபதி ராமப்பய்யன், ராமேஸ்வரம் தீவில் பதுங்கிய சேதுபதியைப் பிடிக்கப் போனார். ‘ராமப்பய்யன் அம்மானை’ என்ற கதைப்பாடலே இந்தப் போரைப் பற்றியதுதான்.

சண்டை எதற்கு? வாரிசுரிமை. கூத்தன் சேதுபதிக்குப் பிறகு பட்டம் தளவாய் சேதுபதி என்கிற சடைக்கனுக்குப் போனது. கூத்தனின் மகன் தம்பித் தேவர், பட்டத்துக்குரிய மனைவிக்குப் பிறந்தவர் அல்ல. ‘எனக்குத்தான் உரிமை’ என்று அவர் மதுரையில் திருமலை நாயக்கரிடம் போய் நின்றார். படை வந்தது, சடைக்கன் பிடிபட்டு மதுரைச் சிறைக்குப் போனார்.

ஆனால் தம்பித் தேவரால் ஆள முடியவில்லை. சடைக்கனின் மருமகன்கள் கிளர்ச்சி செய்தார்கள், ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களுக்கு வழி அடைபட்டது. வேறு வழியின்றி நாயக்கர் சடைக்கனையே மறுபடி அனுப்பினார். 1645 வாக்கில் தம்பித் தேவர் அவரைக் கொன்றார். திரும்பவும் உள்நாட்டுப் போர்.

அதே 1645, இங்கிலாந்து

அங்கே முதலாம் சார்லஸ் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் மூன்றாவது ஆண்டாகப் போர். ஜனவரி கடைசியில் லண்டன் அருகே அக்ஸ்பிரிட்ஜில் இரு தரப்பும் உட்கார்ந்தன. மதம், படை, அயர்லாந்து என மூன்றே தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள், பிறகு மறுபடி முதலிலிருந்து. மொத்தம் 20 நாள் கெடு.

சிக்கியது படையில்தான் என்று தோன்றுகிறது. படையை நடத்தும் குழுவில் ஆளுக்குப் பாதிப் பேர், மூன்று வருஷத்துக்கு என்றார் மன்னர். எங்கள் ஆட்கள் மட்டும், ஏழு வருஷம் என்றது நாடாளுமன்றம். யோசித்துப் பாருங்கள்: படையைக் கொடுத்துவிட்டால், மற்ற வாக்குறுதிகளை எதிரி காப்பாற்றுவான் என்று எதை வைத்து நம்புவது?

நம்பிக்கையும் இல்லை. பேச்சு நடக்கும்போதே, பிப்ரவரியில், நாடாளுமன்றம் ‘புதிய மாதிரிப் படை’க்குச் சட்டம் போட்டது. மன்னரும் சளைத்தவரில்லை. ஜூனில் நேஸ்பி போரில் அவருடைய கடிதப் பெட்டி சிக்கியபோது, அயர்லாந்திலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் படை திரட்டப் பார்த்தது அம்பலமானது. நாடாளுமன்றம் அந்தக் கடிதங்களை அச்சிட்டே வெளியிட்டது. அந்தக் காலத்து ‘ஸ்கிரீன்ஷாட் லீக்’!

1648-ல் நியூபோர்ட்டில் இன்னொரு சுற்று பேசினார்கள். இதைத் தொடரலாம் என்று வாக்களித்த உறுப்பினர்களைப் படையே அவைக்குள் நுழையவிடாமல் தடுத்தது. 1649 ஜனவரி 30 அன்று மன்னரின் தலை வெட்டப்பட்டது.

ராமநாதபுரத்தில் எப்படி முடிந்தது?

இங்கே பேச்சுவார்த்தை என்பதைவிட பஞ்சாயத்து என்பதே சரி. சார்லஸுக்கு மேல் தீர்ப்புச் சொல்ல ஆள் கிடையாது. மறவர் சீமைக்கு மேல் நாயக்கர் இருந்தார். அவர் நாட்டை மூன்றாகப் பிரித்தார்: ராமநாதபுரம் ரகுநாதத் தேவருக்கு, திருவாடானைப் பக்கம் தனக்கத் தேவருக்கு, சிவகங்கைப் பக்கம் தம்பித் தேவருக்கு. ஆமாம், கொன்றவருக்கும் ஒரு பங்கு! நியாயமா என்றால் இல்லை. சண்டை நின்றதா என்றால் நின்றது.

நாயக்கருக்கும் இதில் லாபம் உண்டு. ஒரு பெரிய சேதுபதியைவிட மூன்று சின்ன தலைவர்களைச் சமாளிப்பது சுலபம்.

அந்தக் கணக்குதான் பலிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே மூன்று பங்கும் ரகுநாதர் கைக்கு வந்துவிட்டன. 1650-களின் கடைசியில் மைசூர்ப் படை மூக்கை அறுத்துக்கொண்டே மதுரையை நோக்கி வந்தபோது, நோயில் கிடந்த திருமலை நாயக்கர் உதவி கேட்டு ஆள் அனுப்பியது இதே ரகுநாதருக்குத்தான். அவர் மறவர் படையோடு வந்து மைசூர்க்காரர்களை விரட்டினார். பதிலுக்கு நாயக்கர் கொடுத்தது ‘திருமலை சேதுபதி’ என்று தன் பெயரையே பட்டமாக. கூடவே, இனி கப்பம் கட்ட வேண்டாம் என்ற சலுகையும்.