பதினொரு மணி மேகம்

மதுரை வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். பணி ஓய்வு பெற்றவர். சித்திரை பிறந்ததும் மனைவியோடு கொடைக்கானலுக்கு ஏறி, ஆனி பிறக்கும்வரை வாடகை வீட்டில் இருந்துவிட்டு இறங்குகிறவர். விடியும்போது வானத்தில் பொட்டு மேகம் இல்லை, பதினொன்றுக்கெல்லாம் மூடிக்கொள்கிறது, இரண்டு மணிக்கு இடி, நாலரைக்கு மறுபடி வெயில். கைப்பேசிச் செயலியோ பத்து நாளைக்கும் ஒரே மின்னல் படத்தைப் போட்டு 40 சதவீதம் என்கிறது. இதை நம்பித் துணி துவைக்கலாமா என்பது அவர் கேள்வி.

தாராளமாகத் துவைக்கலாம். செயலியை நம்பி அல்ல, கடிகாரத்தை நம்பி.

பெரும்பாலான செயலிகளுக்குப் பின்னால் இருப்பவை ஒன்றிரண்டு உலகளாவிய வானிலை மாதிரிகள்தான். ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரி உலகத்தை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கட்டங்களாகவும், அமெரிக்க மாதிரி 13 கிலோமீட்டர் கட்டங்களாகவும் பார்க்கிறது. கொடைக்கானலின் தெற்கு விளிம்பில் மலை அந்தத் தூரத்துக்குள் 1,700 மீட்டருக்கு மேல் சரிந்து பெரியகுளம் சமவெளியில் போய் நிற்கிறது. கட்டத்துக்குள் மலை முகடும் மாந்தோப்பும் ஒன்றாக இழைத்துத் தேய்க்கப்பட்டுவிடும். அந்த மொழுமொழுப்பான மேட்டுக்குச் சொன்ன 40 சதவீதத்தை உங்கள் கொடிக்கயிற்றுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பகலில் பள்ளத்தாக்குக் காற்று மேலேறும், இரவில் மலைக் காற்று கீழிறங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் சூரியன் சமவெளியையும்தானே காய்ச்சுகிறது, அங்கேதானே சூடு அதிகம், பிறகு காற்று ஏன் மலையைத் தேடிப் போக வேண்டும்? கீழையும் மேலையும் ஒப்பிட்டால் இது பிடிபடாது. ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு காற்றை ஒப்பிட வேண்டும். 1,500 மீட்டர் உயரத்தில் மலைச்சரிவை ஒட்டியிருக்கும் காற்று, வெயிலில் காய்ந்த பாறையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதே 1,500 மீட்டரில், பெரியகுளத்துக்கு நேர்மேலே அந்தரத்தில் இருக்கும் காற்றுக்குத் தொடுவதற்கு எதுவுமில்லை. அதற்கு அடுப்பு 1,200 மீட்டர் கீழே இருக்கிறது. ஆக, சரிவுக் காற்று பக்கத்துக் காற்றைவிட இலேசு. அது மேலே வழுக்குகிறது, காலியான இடத்துக்குச் சமவெளிக் காற்று வந்து சேருகிறது. மலை என்பது ஆகாயத்தின் நடுவில் தூக்கி வைத்த அடுப்பு.

அடுப்பு என்று சொன்னபின் இட்லிப் பானையையும் ஏற்றிவிடுவோம். சமவெளி அடியில் கொதிக்கும் தண்ணீர். கொடைக்கானல் தட்டில் இருக்கும் இட்லி. மேலே, ஓர் உயரத்துக்கு அப்பால், கீழிருந்து ஏறும் காற்றைவிட வெப்பமான காற்று ஓர் அடுக்காக நின்று ஏறுவதைத் தடுக்கும், அதுதான் மூடி. காலை முழுக்க ஆவி மூடிக்குள் புழுங்குகிறது. வெயில் ஏறி மூடி தூக்கிக்கொண்ட நாளில் ஆவி பீறிட்டு, பத்துக் கிலோமீட்டருக்கும் மேலே போய், இடிமேகமாக நிற்கும். மூடி அசையாத நாளில் வெறும் மூட்டத்தோடு போயிற்று. உவமை இதற்குமேல் தாங்காது என்று தெரிந்தும் இன்னும் ஒரு படி போகிறேன்: இந்தப் பானைக்குப் பக்கச்சுவரும் எரிகிறது, இட்லிக்குக் கீழே துணி கிடையாது, வெந்ததும் எடுக்க ஆள் வருவதில்லை, சாயங்காலம் சூரியனே அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ஏறும் காற்று 100 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்கிறது. அதன் ஈரம் எந்த வெப்பநிலையில் துளியாகத் தொடங்குமோ அது பனிநிலை. கீழே காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிப்பகுதி எத்தனை மீட்டர் உயரத்தில் என்று தோராயமாகக் கிடைத்துவிடும். பெரியகுளத்தில் 36 டிகிரி, பனிநிலை 22 என்று வையுங்கள். வித்தியாசம் 14, பெருக்கினால் 1,750 மீட்டர். ஊர் இருக்கும் உயரம் சுமார் 300 மீட்டரையும் சேர்த்தால் 2,050. கொடைக்கானல் இருப்பது 2,100 மீட்டர் சொச்சத்தில்! ஊரை மேகத்தின் தரைத்தளத்திலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். கீழே ஒரு டிகிரி கூடினால் மேகத்தின் அடி 125 மீட்டர் உயர்ந்து, ஊர் தலைக்கு மேலே கறுத்த தட்டைக் கூரையாக நிற்கும். ஒரு டிகிரி குறைந்தால் ஏரிக்கரையில் எதிரே வரும் சைக்கிள் தெரியாது. சரிவில் ஏறும்போது அக்கம்பக்கத்துக் காற்றும் கலப்பதால் கணக்கு கொஞ்சம் முன்பின்னாகும். ஆனாலும் சுற்றுலாக்காரர்கள் பனி என்று படம் பிடித்துக்கொள்ளும் அந்த வெள்ளை, கீழே பெரியகுளத்தில் நிற்கிறவருக்கு மலையில் தொற்றிய மேகம்தான்.

மலை விளிம்பை ஒட்டிப் போகும் நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் பத்து மணி வாக்கில் நின்று கீழே பாருங்கள். மேகம் எங்கிருந்தோ மிதந்து வராது. சரிவின் பாதியில், மரத்தலைகளுக்குச் சற்று மேலே, ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு நூல் தோன்றும், கரையும், பக்கத்தில் இன்னொன்று தோன்றும். அரைமணி நேரத்தில் அவை ஒட்டிக்கொண்டு பாறை இடுக்கு வழியாக ஏறி வரும். கைப்பிடிக் கம்பியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொள்ளும், மழை பெய்திருக்காது. எதிரே மேகம் நிற்கும் ஏதோவொரு நேரத்தில் முதுகுக்குப் பின்னால் வெயில் அடித்தால், உங்கள் நிழலே மேகத்தின் மேல் வானவில் வளையத்தோடு விழக்கூடும். இடிச் சத்தம் கேட்டால் மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்காமல் வீட்டுக்குள் போய்விடுங்கள்.

இந்த மேகம்தான் ஊரின் குளிர்ச்சிக்குக் காவல். உச்சிவெயில் தொடங்கும் நேரத்தில் மூடிவிடுவதால் பல நாள்களில் வெப்பம் பன்னிரண்டுக்கு முன்பே உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடுகிறது. காற்றில் ஈரம் குறைந்து மேகம் வராத நாள்தான் மலையில் சுடுகிற நாள். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானதும் மலைகளும் சமவெளி ஆகிவிட்டதாக அலறினார்கள். உலகம் சூடாவது உண்மை. அதற்காக ஒரு நாள் கணக்கை வைத்து மலைக்கு இரங்கற்பா எழுத வேண்டாம்.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு: 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் வானியலாளர் மிச்சி ஸ்மித் சூரிய ஆய்வகத்தை இங்கே கொண்டுவந்தார். பஞ்சத்துக்கும் பருவமழைக்கும் சூரியனில் காரணம் தேடிய காலம் அது. பருவமழை ரகசியம் அகப்படவில்லை. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் வானியலாளர் எவர்ஷெட் இங்கேதான் கண்டுபிடித்தார். தரை காய்ந்து காற்று அலையடிக்கத் தொடங்குமுன், காலையிலேயே சூரியனைப் பார்த்து முடித்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். துணி துவைக்கிறவர்களுக்கும் அதே நேரம்தான்.

விடுதி விளம்பரங்களில் வரும் 'ஆக்ஸிஜன் நிறைந்த மலைக்காற்று' பற்றியும் வாசகர் கேட்டிருக்கிறார். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குகூட இல்லை. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறைவுதான். தூசு குறைவு என்று சொல்லியிருந்தால் ஒப்புக்கொள்வேன்.

ஜூனில் இந்தக் கடிகாரம் நின்றுவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வேகமெடுத்தால், சரிவோடு மெல்ல ஏறும் காற்றை அது கலைத்துவிடும். நாள் முழுக்க மேகம் மூடியிருந்தால் பாறையும் காயாது. பிறகு காலை ஏழுக்கும் தூறலாம், இரவு ஒன்பதுக்கும் தூறலாம், துணி மூன்று நாள் ஈரமாகவே தொங்கலாம். வாசகர் ஆனியில் மூட்டையைக் கட்டுவது சரியான கணக்கு.