தேங்கிய இரத்தத்தை ஓடவைக்கும் வேர்கள்

1797ஆம் ஆண்டு. வட சீனாவின் லுவான்ஜோ பகுதியில் கொள்ளைநோய் குழந்தைகளை வாரிக்கொண்டு போனது. ஏழைகள் பிள்ளைகளின் உடலைப் பாயில் சுருட்டி ஆழமில்லாமல் புதைத்தார்கள். நாய்கள் தோண்டிப் போட்டன. வெளியே கிடந்த அந்த உடல்களை ஒவ்வொரு நாளும் காலையில் போய்க் குனிந்து பார்த்தார் வாங் சிங்ரென் என்ற மருத்துவர். பழைய ஏடுகள் சொன்ன உள்ளுறுப்புகள் வேறு, கண்ணால் கண்டவை வேறு. பின்னாளில், 1830இல், அதை நூலாகவே எழுதினார்.

அவர் கணிப்பிலும் பிழை உண்டு. இறந்த உடலில் தமனிகள் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். ஆகவே அவற்றில் ஓடுவது உயிர்க்காற்று என்று நம்பினார். ஆனால் நெஞ்சில் தேங்கிய இரத்தத்தைக் கலைக்க அவர் வகுத்த 11 சரக்குக் கஷாயத்தைச் சீன மருத்துவர்கள் இன்றும் நெஞ்சுவலிக்கு எழுதித் தருகிறார்கள். பீச் பழக்கொட்டையின் பருப்பு, குசும்பாப் பூ, தாங்குவே வேர், சுவான்சியோங் கிழங்கு ஆகியவை அதில் முக்கியமானவை. நமக்குப் பழக்கமான அதிமதுரமும் உண்டு. குசும்பாவை நாம் விதை எண்ணெய்க்காக அறிவோம்; சீனர்களுக்கு அதன் செவ்விதழ்களே மருந்து.

அந்தப் பட்டியலில் இல்லாத டான்ஷென் இன்று எல்லாவற்றையும் முந்திவிட்டது. செங்கல் நிற வேர். அதில் இருவகைச் சத்துகள் உண்டு: ஒன்று நீரில் கரையும், மற்றது எண்ணெயில்தான் கரையும். எனவே கஷாயமாகக் காய்ச்சிக் குடிப்பவருக்குக் கிடைப்பதும் சாராயத்தில் ஊறவைத்து எடுப்பவருக்குக் கிடைப்பதும் ஒரே மருந்தல்ல. மூலிகை ஆய்வுகளில் இதைக் கவனிக்காமல் விட்டால் முடிவுகள் குழம்பிவிடும்.

யுன்னான் மாநிலத்தின் வென்ஷான் பகுதியில் விளையும் சான்ச்சி வேர் இன்னும் விசித்திரமானது. தேங்கியதை ஓடவைப்பதற்கும் கசிவதை நிறுத்துவதற்கும் அதையே தருகிறார்கள். 1902இல் உருவான புகழ்பெற்ற காயப்பொடி ‘யுன்னான் பையாவ்’ இதைக் கொண்டதே.

இவையெல்லாம் வேலை செய்கின்றனவா? ஒரே பதில் கிடையாது. பக்கவாத நோயாளிகள் 1,100 பேரிடம் சிங்கப்பூர் மருத்துவர்கள் தலைமையில் ‘நியூரோஎய்ட்’ என்ற கலவை மருந்தைச் சோதித்தார்கள். டான்ஷென், சுவான்சியோங், குசும்பா எல்லாம் அதில் உண்டு. 2013இல் வந்த முடிவு: மூன்று மாதத்தில் வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஆனால் 2023இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான சீன ஆய்வு வேறுவிதம். மாரடைப்பு வந்த சுமார் 3,800 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு ‘டோங்சின்லுவோ’ அல்லது வெற்று மருந்து தரப்பட்டது. வேர்களோடு அட்டை, தேள், பூரான் சேர்ந்த மருந்து அது. 30 நாளில் மரணம், மறு மாரடைப்பு போன்ற பெரும் பாதிப்புகள் அதை எடுத்தவர்களில் 3.4 சதவீதம், மற்றவர்களில் 5.2 சதவீதம். ஒரே ஓர் ஆய்வுதான், ஆனாலும் ஒதுக்கிவிட முடியாதது.

மூலிகைதானே, கெடுதல் இல்லை என்று நினைப்பதுதான் ஆபத்து. செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பார்கள். அதோடு டான்ஷெனும் சாப்பிட்டவர்களுக்கு உறைதிறன் அளவுக்கு மீறிக் குறைந்ததை 1990களில் ஹாங்காங் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். தாங்குவேயிலும் இதே சிக்கல் உண்டு. வார்ஃபரினோ ஆஸ்பிரினோ எடுப்பவர்கள், அறுவைசிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் இவற்றில் எதையாவது சாப்பிட்டால் முதலில் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ‘சத்துப்பொடி’ என்ற பெயரில் வாங்கியிருந்தாலும்கூட.